நிராகரிப்புக் கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள்

மழையில் நெல் சாய்ந்தால் 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது இன்று பெரும்பாலான விவசாயிகளுக்குத் தெரியும். மறுநாள் காலையிலேயே உதவி வேளாண்மை அலுவலரைத் தேடி வருகிறீர்கள். அடங்கல், சிட்டா, பிரீமியம் கட்டிய ரசீது எல்லாம் கையில் இருக்கும். இழப்பீடு குறைவாக வந்தால் குறைதீர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கிறீர்கள். கேட்கவும் வேண்டும்.

அதே தோட்டத்தில் ஒருவருடைய கை இயந்திரத்தில் சிக்கிப் போனால் எத்தனை நாளுக்குள், எந்த அலுவலகத்தில், எந்தத் தாளோடு சொல்ல வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? விண்ணப்பித்து, "நிராகரிக்கப்பட்டது" என்று கடிதம் வந்தால் அடுத்து என்ன செய்வது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டு வருடங்களுக்கு முன்புவரை எனக்கும் தெரியாது. நான் படித்தது உழவியல், சட்டம் அல்ல. இருந்தும் இந்தப் பக்கத்தில் இதை எழுதக் காரணம் இருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில், சோளத்தட்டையும் கோ-5 தீவனப் புல்லையும் முழுசாகப் போடாமல் நறுக்கிப் போட்டால் மாடு கழித்துப் போடுவது குறையும் என்று செயல்விளக்கம் நடத்தியவன் நான். தட்டு வெட்டும் மெஷினை ஓட்டிக் காட்டினோம். நறுக்கும் நீளம், மின்சாரச் செலவு, மானியம் எல்லாம் சொன்னோம். கை எவ்வளவு தூரம் போகலாம், மூடியைக் கழற்றக் கூடாது, முழுக்கைச் சட்டையும் துண்டும் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்பதை ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொண்டோம். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர் மெஷின் வாங்கினார். இரண்டு ஏக்கர் மானாவாரி, நான்கு கறவை மாடுகள். 2023 அக்டோபரில் ஒரு மாலை, அடைத்துக்கொண்ட தட்டைத் தள்ளிவிடும்போது வலது கை உள்ளே போய்விட்டது. நான்கு விரல்கள் போயின. கட்டைவிரல் மட்டும் நிற்கிறது, அதுவும் மடங்காது.

மூன்று காரணங்கள்

அவருக்கு வங்கிக் கணக்கு மூலம் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா என்னும் விபத்துக் காப்பீடு இருந்தது. 2015-ல் தொடங்கிய திட்டம். 18 முதல் 70 வயது வரை சேரலாம். முதலில் ஆண்டுக்கு 12 ரூபாய், 2022 ஜூன் முதல் 20 ரூபாய். விபத்தில் இறந்தாலோ, இரு கண், இரு கை, இரு கால் போன்ற முழு ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம் ரூபாய். ஒரு கண் பார்வையோ, ஒரு கை அல்லது ஒரு காலின் பயன்பாடோ மீள முடியாதபடி போனால் 1 லட்சம்.

அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறவர். வங்கியில் பாஸ்புக்கைப் பார்த்து 20 ரூபாய் பிடித்திருப்பதைக் கண்டுபிடித்து விண்ணப்பம் கொடுத்தார். நான்கு மாதம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது, காரணங்கள் மூன்று. விபத்து நடந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்கவில்லை. எஃப்ஐஆர் இல்லை. கையை முழுவதுமாக இழக்கவில்லை.

நான் அவர் வீட்டுக்குப் போனபோது அந்தக் கடிதம் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "கவர்மென்டே இல்லைன்னு எழுதிட்டாங்க, அப்புறம் என்னங்க சார் பண்றது" என்றார். அதற்குள் நான்கு மாடுகளில் இரண்டை விற்றிருந்தார். ஒரு கையால் பால் கறக்க முடியாது.

அவர் சொன்னதில் உள்ள தவறான எண்ணம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அந்தக் கடிதம் அரசாங்கத்தின் தீர்ப்பு இல்லை. ஒப்பந்தத்தின் ஒரு தரப்பான காப்பீட்டு நிறுவனம் சொன்ன பதில். நெல் வியாபாரி ஈரப்பதம் 22 சதவீதம் என்று சொன்னால் "சரிங்க" என்று மூட்டையை இறக்கிவிட்டு வருவீர்களா? மீட்டரைக் காட்டச் சொல்வீர்கள். இங்கும் அதைத்தான் செய்ய வேண்டும்.

வழக்கறிஞர் செய்த வேலை

"வக்கீல் வைக்க வசதி இல்லைங்க" என்பது அவருடைய அடுத்த பதில். இது பலருக்கும் உள்ள தயக்கம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசியில் கேட்க 15100. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்கேயே எழுதிக்கொள்வார்கள். வழக்கறிஞரை அவர்கள் நியமிப்பார்கள். அவருக்கான கட்டணத்தையும் அவர்களே தருவார்கள்.

அப்படி வந்த வழக்கறிஞர் ஓர் இளம்பெண். அவர் முதல் நாளில் சட்டம் எதுவும் பேசவில்லை. "ஆஸ்பத்திரியில் கொடுத்த எல்லாத் தாளையும் எடுத்து வாங்க, கிழிஞ்சது, கசங்கினது எல்லாம்" என்றார். பிறகு கடிதத்தின் மூன்று காரணங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன ஆதாரம் வேண்டும் என்று எழுதினார். நோய் தாக்கிய பயிரில் அறிகுறியைப் பிரித்துப் பார்ப்பதுபோல இருந்தது எனக்கு.

முதல் காரணம், தாமதம். விண்ணப்பம் இரண்டு மாதம் கழித்துத்தான் போயிருந்தது. 30 நாள் என்பது திட்ட விதியில் உள்ளதுதான். ஆனால் அந்த நாட்களில் அவர் எங்கே இருந்தார்? இரண்டு முறை அறுவை சிகிச்சை, சீழ் பிடித்து மீண்டும் அனுமதி. டிஸ்சார்ஜ் சம்மரிகள் அதைச் சொல்கின்றன. உண்மையான கிளெய்மை, தாமதத்துக்குச் சரியான விளக்கம் இருக்கும்போது தாமதம் ஒன்றையே காட்டித் தள்ளக் கூடாது என்று 2017-ல் ஒரு வாகனத் திருட்டுக் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2011-லேயே நிறுவனங்களுக்கு இதையே சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கிறது.

இரண்டாவது காரணம், எஃப்ஐஆர். இதில் கிராமத்தில் பெரிய குழப்பம் இருக்கிறது. திட்ட விதி என்ன சொல்கிறது? சாலை விபத்து, ரயில் விபத்து, நீரில் மூழ்குதல், குற்றம் சம்பந்தப்பட்ட சாவு போன்றவற்றைக் காவல் நிலையத்தில் தெரிவித்திருக்க வேண்டும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றுக்கு உடனடி மருத்துவமனைப் பதிவு ஆதாரமாக இருந்தால் போதும். தன் தோட்டத்தில் தன் மெஷினில் கை சிக்கியது எந்த வகை? இரண்டாவது வகை என்பது வழக்கறிஞரின் வாதம். அதற்குப் பலம் கொடுத்தது அரசு மருத்துவமனையில் முதல் நாள் இரவு எழுதிய விபத்துப் பதிவேட்டு நகல், நாம் ஏஆர் காப்பி என்று சொல்வது. அதில் பணி மருத்துவர் தட்டு வெட்டும் மெஷினில் கை சிக்கியதாக, நேரத்தோடு எழுதியிருந்தார். "வீட்டில் அடிபட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த வழக்கு அங்கேயே படுத்திருக்கும்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. "கையை முழுவதுமாக இழக்கவில்லை." வழக்கறிஞர் திட்டத்தின் வாசகத்தை எடுத்துக் காட்டினார். ஒரு கையையோ காலையோ இழப்பது என்று அதில் இல்லை. ஒரு கை அல்லது காலின் 'பயன்பாட்டை' இழப்பது என்றுதான் இருக்கிறது. உள்ளங்கை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது கேள்வி இல்லை. அந்தக் கையால் எதையாவது பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

சான்றிதழிலும் மேல்முறையீடு உண்டு

இங்கே ஒரு தடை இருந்தது. அவரிடம் இருந்த ஊனச் சான்றிதழ் 35 சதவீதம் என்றது. விரல்கள் எந்த இடத்தில் துண்டிக்கப்பட்டன என்பதை மட்டும் கணக்கிட்டிருந்தார்கள். கட்டைவிரல் விறைப்பு, மணிக்கட்டு அசைவு, பிடிமானம் எதுவும் அதில் இல்லை. சான்றிதழ் கொடுத்தபோது புண்ணே முழுசாக ஆறவில்லை.

இந்த எண் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தபட்சம் 40 சதவீதம் வேண்டும். 39 என்றால் கதவு மூடியிருக்கும். ஆனால் அதே சட்டத்தின் 59-வது பிரிவு, சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை ஏற்காதவர் மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம் என்கிறது. கையை மதிப்பிடும்போது பிடிமானம், உணர்ச்சி, வலு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்பது மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டு நெறிகளிலேயே உள்ளது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக மறுமதிப்பீடு கேட்டு மனுக் கொடுத்தார்கள். இரண்டாவது சான்றிதழில் 60 சதவீதம் வந்தது. அதைவிட முக்கியம், மருத்துவக் குழு அதில் எழுதிய ஒரு வரி: வலது கையால் பொருளைப் பற்றவோ தூக்கவோ இயலாது, இந்நிலை நிரந்தரமானது.

இதற்காக யாரும் மருத்துவரைக் கெஞ்சவோ கவனிக்கவோ வேண்டியிருக்கவில்லை. பால் கறக்கும் பாத்திரத்தையும் மண்வெட்டியையும் பிடிக்க முடியாததைச் சொல்லி, சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். நம்மில் பலர் மருத்துவர் முன்னால் "பரவாயில்லைங்க, சமாளிச்சுக்கறேன்" என்று சொல்லிப் பழகியவர்கள். சான்றிதழ் வாங்கும் அன்று அந்தப் பேச்சு வேண்டாம். செய்ய முடியாததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.

உடம்பை அளப்பதும் வேலையை அளப்பதும்

சதவீதத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூலிக்குப் போன இடத்தில் அடிபட்டவர்களுக்கு இது பொருந்தும்.

1923-ம் ஆண்டு முதல் இருந்த பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் டிராக்டர் போன்ற இயந்திரங்களைக் கொண்டு செய்யும் விவசாய வேலை, இயந்திர அறுவடை, கதிரடிப்பு, பூச்சிமருந்து தெளிப்பு எல்லாம் வருகின்றன. இந்த இழப்பீட்டு ஏற்பாட்டை இப்போது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் ஏற்றிருக்கிறது. அந்த 1923 சட்டத்தின் அட்டவணையில் ஒரு கையின் நான்கு விரல்களுக்கு 50 சதவீதம், மூன்று விரல்களுக்கு 30, இரண்டு விரல்களுக்கு 20, கட்டைவிரலுக்கு 30 என்று சம்பாதிக்கும் திறன் இழப்பு குறிக்கப்பட்டிருக்கிறது. எழுதிப் பிழைக்கிறவருக்கும் கரும்பு வெட்டிப் பிழைக்கிறவருக்கும் அட்டவணையில் ஒரே எண்.

ஆனால் நீதிமன்றம் அந்த எண்ணோடு நின்றுவிடவில்லை. இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட ஒரு தச்சரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே அவர் அந்த வேலைக்கான திறனை முழுவதும் இழந்துவிட்டார் என்று இழப்பீட்டு ஆணையர் முடிவு செய்ததை 1975-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு, பிழைப்பில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு என்று 2010-ல் ஒரு சாலை விபத்து வழக்கிலும் அந்த நீதிமன்றம் விளக்கியது. தச்சருக்குச் சொன்ன நியாயம் நாற்று நடுகிறவருக்கும் தென்னை ஏறுகிறவருக்கும் பொருந்தும். அந்த வேலைக்கு எந்த விரல், எந்த மூட்டு, எவ்வளவு வலு வேண்டும் என்பதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் வேளாண்மைத் துறையில் இருக்கிறார்கள். ஒரு விரிவாக்க அலுவலர் "இவர் செய்த வேலை இது, இதற்கு இரண்டு கையும் வேண்டும்" என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் வழக்கறிஞருக்கு அது உதவும்.

இதில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. கூலியாள் உங்கள் மெஷினில் அடிபட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள் மேல் வரலாம். கதிரடிக்கும் இயந்திரத்தில் கை இழந்தவர்களுக்காக 1983-லேயே ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆகவே வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த 20 ரூபாய்க் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள். அது உங்கள் பொறுப்பைத் தீர்த்துவிடாது. ஆனால் அடிபட்ட குடும்பத்துக்கு ஒரு பிடி இருக்கும். டிராக்டர் மோதியோ கவிழ்ந்தோ அடிபட்டால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழியும் உண்டு. அதற்குச் சட்டத்தில் உள்ள கெடு ஆறு மாதம்.

எங்கே முறையிடுவது?

நம் விவசாயியின் வழக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனது. வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் எதிர்த்தரப்பு. ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள புகாருக்கு அங்கே கட்டணம் இல்லை. முதலில் நிறுவனத்துக்கு நோட்டீஸ், பதில் இல்லை. பிறகு புகார். மூன்றாவது விசாரணைக்குப் பிறகு நிறுவனமே சமரசத்துக்கு வந்து 1 லட்சம் ரூபாயையும் கொடுத்தது. விபத்து நடந்து 17 மாதங்கள் ஆகியிருந்தன. மாதாந்திர உதவித்தொகைக்கான விண்ணப்பம் வருமான விசாரணையில் நிற்கிறது. அது இன்னும் முடியவில்லை.

ஒரு லட்சத்தில் கை வராது. விற்ற மாடுகளில் ஒன்றைத் திரும்ப வாங்கியிருக்கிறார், கறப்பது மனைவி. ஆனால் வெறும் மூன்று வரிக் கடிதத்துக்குப் பயந்து அந்த ஒரு லட்சத்தையும் விட்டிருந்தால், மகளின் படிப்பு அந்த ஆண்டே நின்றிருக்கும் என்று அவரே சொன்னார்.

எல்லோருக்கும் ஒரே வழி பொருந்தாது. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று சென்னையில் ஓர் அலுவலகம் இருக்கிறது. நிறுவனத்துக்கு எழுதி அது மறுத்த பிறகோ, ஒரு மாதம் பதில் வராத பிறகோ அங்கே போகலாம். மறுப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருந்தால் எடுக்க மாட்டார்கள். நிரந்தர மக்கள் நீதிமன்றத்திலும் காப்பீட்டுத் தகராறுகளைக் கொண்டுபோகலாம். அங்கே சமரசம் ஏற்படாவிட்டால் அந்த மன்றமே தீர்ப்பும் சொல்லலாம்; அதற்கு மேல்முறையீடு கிடையாது. நுகர்வோர் ஆணையத்துக்கான கெடு இரண்டு ஆண்டுகள். அதன் உத்தரவு பாதகமாக வந்தால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்வதற்குத்தான் வழக்கறிஞரின் உதவி முதலில் தேவை. தவறான கதவில் ஓராண்டு நின்றால் சரியான கதவு மூடிவிடும்.

இலவச உதவி வேண்டாம், நானே வழக்கறிஞர் வைத்துக்கொள்கிறேன் என்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். "வரும் தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு" என்று பேசி வழக்கை எடுப்பதை வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. அப்படிப் பேசுகிறவர் பெரும்பாலும் வழக்கறிஞராக இருக்க மாட்டார், இடைத்தரகராக இருப்பார். வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள். அசல் தாள்களைக் கொடுத்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

மேல்முறையீட்டில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் விபத்து நடந்த முதல் வாரத்தில் எழுதப்படும் தாள்களைப் பொறுத்தது. இதை வீட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

மருத்துவமனையில் என்ன நடந்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். எந்த மெஷின், என்ன வேலை, எந்த இடம், எத்தனை மணி. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து "வழுக்கி விழுந்தேன்" என்று மாற்றிச் சொல்லாதீர்கள். பின்னால் உங்களுக்கு எதிராக நிற்கப் போவது அந்த ஒரு சொல்தான்.

ஏஆர் காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு ஒன்றையும் தூக்கிப்போடாதீர்கள்.

எஃப்ஐஆர் கட்டாயம் இல்லாத விபத்தாக இருந்தாலும் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. செலவு ஒன்றும் இல்லை.

மெஷினையும் காயத்தையும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்துவையுங்கள். பார்த்த இருவரின் பெயரைக் குறித்துவையுங்கள்.

30 நாளுக்குள் வங்கியில் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். ஊனச் சான்றிதழ் பிறகு வரும் என்று எழுதிக் கொடுங்கள். நகலில் வங்கியின் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் உறையையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கெடுவை எண்ணும்போது கடிதம் கைக்கு வந்த நாள் முக்கியம். காரணம் எழுதாமல் "ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று வாயால் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் வங்கியோ நிறுவனமோ பொதுத்துறையாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு உங்கள் கிளெய்ம் கோப்பின் நகலைக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், மே 25 முதல் 31 வரை கணக்கில் குறைந்தது 20 ரூபாயாவது இருக்கட்டும். காப்பீடு ஜூன் 1 முதல் மே 31 வரை. அந்த வாரத்தில் கணக்கு காலியாக இருந்தால் காப்பீடு இல்லாமல் போய்விடலாம். அதன் பிறகு எந்த வழக்கறிஞராலும் உதவ முடியாது.

துறைக்கும் ஒரு வார்த்தை

விரிவாக்கப் பணியாளர்களே, இது நம் வேலையா என்று கேட்கலாம். ஏற்கெனவே செயலியில் பதிவு, இலக்கு, அறிக்கை என்று மூச்சு விட நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பவர் டில்லர், களை வெட்டும் கருவி, தட்டு வெட்டும் மெஷின், கதிரடிக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் மானியத்தோடு கிராமத்துக்குள் கொண்டுவந்தது நாம்தான். ஆள் பற்றாக்குறைக்கு அது தேவைதான். திரும்பப் போக முடியாது. மெஷினைக் கொண்டுவந்த துறைக்கு அந்த மெஷினால் வரும் விபத்திலும் ஒரு பங்கு பொறுப்பு உண்டு.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் இல்லை. மானிய இயந்திரம் கொடுக்கும் நாளில் பாதுகாப்புச் செயல்விளக்கம் கால் மணி நேரமாவது நடக்கட்டும்; மூடி இல்லாத மெஷினுக்கு மானியம் வேண்டாம். அதோடு விபத்து நடந்தால் என்ன செய்வது என்ற ஒரு பக்கத் தமிழ்த் தாளையும் கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வட்ட சட்டப் பணிகள் குழுவின் வழக்கறிஞரை அட்மா பயிற்சிக்கோ கிராம சபைக்கோ அழையுங்கள். கிராமங்களில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்துவது அவர்களின் பணிகளில் ஒன்று. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் யார் பதிவு செய்திருக்கிறார்கள் என்று ஊர் வாரியாகக் கேளுங்கள். 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கு விபத்தால் ஏற்படும் ஊனத்துக்கான தொகை 20 ஆயிரத்திலிருந்து 1 லட்சமாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. தொகை உயர்ந்த செய்தி கூலிக்குப் போகிறவருடைய காதுக்குப் போகாவிட்டால் என்ன பயன்?

காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அரசுக்கும் ஒரு கோரிக்கை. கிராமத்து மனிதருக்கு அனுப்பும் மறுப்புக் கடிதம் தமிழில் இருக்க வேண்டும். எந்த விதியின்படி மறுத்தோம், எங்கே முறையிடலாம், எத்தனை நாளுக்குள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். இலவச சட்ட உதவி எண் 15100-ஐக் கடிதத்தின் அடியில் அச்சடிக்க எவ்வளவு மை ஆகிவிடும்?

சென்ற மாதம் அதே ஊரில் மறுபடியும் ஒரு செயல்விளக்கம் நடத்தினேன். இந்த முறை மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் அவரை முன்னால் வந்து பேசச் சொன்னேன். அவர் அதிகம் பேசவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, "மூடியைக் கழட்டாதீங்க. அப்படியே ஏதாச்சும் ஆயிட்டா, லெட்டர் வந்ததும் என்னை மாதிரி மடிச்சு வெச்சுட்டு உட்கார்ந்துடாதீங்க" என்றார். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் அப்படி ஒரு கடிதம் மடித்து வைத்திருந்தால் இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். கெடு மிச்சம் இருந்தால் நாளைக் காலையில் தாலுகா நீதிமன்றத்துக்குப் போங்கள். கெடு முடிந்திருந்தாலும் போங்கள். தாமதத்துக்கு உண்மையான காரணம் இருந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு.